முதலில் டைட், அப்புறம்தான் ஏர்: ஆல்டோவின் பிரேக் பெடலை மேலே கொண்டுவந்த வேலை

எங்கள் 2009 மாடல் ஆல்டோவின் பிரேக் பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது பலமாக மிதித்துப் பிடித்தால் பெடலுக்கும் ஃப்ளோருக்கும் நடுவில் 92 மி.மீ. இடம் இருக்கிறது. வீட்டு வாசலில் பின் பிரேக் வேலையை முடித்துவிட்டு முதலில் மிதித்தபோது அது 35 மி.மீ.தான். ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலைத் தகரத்தில் ஊன்றி அளந்த கணக்கு இது. பிரேக் வேலையை வீட்டில் தொடங்குகிறவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே இப்படி ஒரு தடவை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கால் நினைவை நம்ப முடியாது. எண் இருந்தால்தான் பெடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

வேலை தொடங்கக் காரணம், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. இடது பின் டயரின் உள்பக்கச் சுவரில் ஈரம். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம். பிரேக்கை மிதித்தால் உள்ளிருக்கும் வீல் சிலிண்டர், லைனிங் ஒட்டிய ஷூ இரண்டையும் அதன் உள்சுவரில் அழுத்தும். டிரம்மைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது: வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டை நகத்தால் நெம்பினால் உள்ளிருந்து ஆயில் வழிந்தது, ஷூ லைனிங் முழுக்க நனைந்திருந்தது. ஆயிலில் ஊறிய லைனிங்கைச் சுட்டு எடுத்துத் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் மழைநாளில் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் வீல் சிலிண்டர், ஷூ செட், டாட் 3 பிரேக் ஆயில் அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கிவந்தேன். ஆயில் இரண்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று. பிரிக்காத டப்பாவாகவே வாங்குங்கள். திறந்துவைத்த பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அதே தரம் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

பின் டிரம் இரண்டையும் திறக்கும்போது ஹேண்ட்பிரேக் உதவாது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டு, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் கையை உள்ளே விட்டேன். டிரம் தூசியை வாயால் ஊதக் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு துடைத்தேன், மாஸ்க் போட்டிருந்தேன்.

சிலிண்டரைக் கழற்றுவதில் கஷ்டம் முழுக்க பின்னாலிருக்கும் பைப் நட்டில்தான். 10 மி.மீ. நட்டு. வருஷா வருஷம் தேங்கும் மழைத் தண்ணீரில் ஓடிய வண்டி, அதனால் துரு ஏறியிருந்தது. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டிவரும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று கேட்டு வாங்குங்கள். ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு விட்டிருக்கும், ஐந்து முனையைப் பிடிக்கும். முந்தைய ராத்திரியே பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்துவைத்து, காலையில் நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு விடும் பக்கம். கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது, பைப் முறுக்கிக்கொள்ளாமல் நட்டு மட்டும் திரும்பியது. அந்த இடத்தில் அவசரப்படாததால் ஒரு நாள் வேலை மிச்சம்.

பைப்பைக் கழற்றியதும் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. பெடலை ஓரிரு அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துவிட்டால், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் டப்பாவிலிருந்து வரும் துளை மூடிக்கொள்ளும். சொட்டுவது நின்றுவிடும், டப்பாவும் காலியாகாது. சொட்டிய ஆயில் பெயின்ட்டில் பட்டால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெயின்ட்டை அது அரித்துவிடும்.

புது ஷூவைப் பொருத்தியதும் டிரம் உள்ளே போக மறுத்தது. புது லைனிங் தடிமன், பழைய டிரம்மின் வாயில் தேய்ந்து மிஞ்சிய விளிம்பு. ஷூ இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்ட்ரட் இருக்கிறது, அதில் பல் வெட்டிய ராட்செட். லைனிங் தேயத் தேய அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அந்த ராட்செட்டை விடுவித்து முழுக்க உள்ளே தள்ளிவிட்டேன். டிரம் தடையில்லாமல் உட்கார்ந்தது. மறுபக்கமும் அப்படியே.

பிறகு ஏர் எடுக்கும் வேலை, அதாவது பைப்பில் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது. மகள் பெடலில் உட்கார்ந்தாள், நான் சக்கரத்தின் பின்னால் ஆயில் வடிக்கும் திருகான நிப்பிளில். 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், 5 மி.மீ. துளையுள்ள தெளிவான டியூப், கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டில். டியூப்பின் முனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நான் “அமுக்கு” என்றால் அவள் மெதுவாக அழுத்தி, “பிடிச்சிட்டேன்பா” என்பாள். நிப்பிளைக் கால் சுற்று விடுவேன், ஆயிலும் குமிழும் ஓடும், மூடுவேன். மூடிய பிறகுதான் “விடு”. இந்த வரிசை தப்பினால், பெடல் திரும்பும்போது நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே போய்விடும். சக்கரங்களின் வரிசை எங்கள் வண்டியில் இடது பின், வலது முன், வலது பின், இடது முன். பிரேக் ஆயில் ஓடும் பைப் வழி, ஒரு பின் சக்கரமும் எதிர்ப்பக்க முன் சக்கரமுமாகக் குறுக்காகப் பிரிந்திருப்பதால் இப்படி. வேறு வண்டியென்றால் அதன் கையேட்டில் உள்ள வரிசைப்படி போங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலை ஃப்ளோர் வரை மிதிக்கவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் பல வருஷமாக ஒரு குறிப்பிட்ட தூரம்தான் போய்வந்திருக்கும். அதற்கு அப்பால் அழுக்கும் துருவும் படிந்திருக்கலாம், ரப்பர் அதில் உரசினால் கிழியும். பெடலுக்குக் கீழே 40 மி.மீ. தடிமனில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டேன்.

முதலில் வந்த ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. பிறகு தெளிந்தது, குமிழ் நின்றது. பெடலுக்குக் கீழே 50 மி.மீ. கிடைத்தது. முதலில் இருந்ததற்கு இது தேவலை, ஆனால் இதை வைத்துக்கொண்டு தெருமுனைகூடத் தாண்ட முடியாது. திரும்ப ஏர் எடுத்தோம். எண் அசையவில்லை. நடுவில் இடது பின் சக்கரத்தில் நிற்காமல் பொடிப்பொடியாகக் குமிழ் வந்து குழப்பியது. டியூப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குமிழ் சிலிண்டருக்குள்ளிருந்து வரவில்லை. நிப்பிளை அதிகம் விட்டிருந்ததால் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்து டியூப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. கால் சுற்றுக்கு மேல் விடாமல் செய்ததும் நின்றுவிட்டது. இந்தப் பொய்க் குமிழை நம்பி ஒரு டப்பா ஆயிலையே வடித்துவிடலாம்.

அடுத்து சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல் போயிற்று. ஏர் எடுத்தும் பெடல் நிற்கவில்லை என்றால் “மாஸ்டர் போயிடுச்சு, மாத்திடுங்க” என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். மாற்றுவதற்கு முன் சோதித்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவம் தீரும்வரை பல தடவை மிதித்து, பிறகு ஒரே அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பொறுத்தேன். பெடல் கீழே நழுவவில்லை. நழுவியிருந்தால் வெளியே எங்கோ கசிகிறது, இல்லை மாஸ்டருக்குள் வாஷர் வழியே ஆயில் திரும்புகிறது என்று அர்த்தம். அப்படியே பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். பூஸ்டர் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம், அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று கவனத்துக்கு வந்தது. முதல் மிதியில் பெடல் கீழே போகிறது. உடனே அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறுகிறது. ஏறிய இடத்தில் காலுக்கு ஸ்பிரிங் மாதிரி உணர்வு இல்லை, நல்ல கெட்டி. காற்று இருந்தால் ஏறிய பிறகும் கொஞ்சம் துள்ளல் மிஞ்சும். ஆனால் கால் சொல்வதை மட்டும் நம்பி அடுத்த செலவு செய்ய எனக்கு மனமில்லை.

அதனால் ஹோஸ் கிளாம்ப் செட் ஒன்று வாங்கினேன். ரப்பர் ஹோஸை வெளியிலிருந்து நசுக்கி அடைக்கும் கிளாம்ப். வாய் உருண்டையாக இருக்க வேண்டும். பிளையர், வைஸ் கிரிப் போன்ற பல்லுள்ள எதையும் பிரேக் ஹோஸில் வைக்கக் கூடாது, வெளியே தெரியாமல் உள்சுவர் வெடிக்கும். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ் என்றால் கிளாம்ப்பும் வேண்டாம், ஹோஸையே மாற்றுங்கள். நாலு சக்கரத்துக்குப் போகும் ஹோஸையும் அடைத்துவிட்டு மிதித்தேன். பெடல் உச்சியில் கல்லாக நின்றது. மாஸ்டர் சிலிண்டர் நல்லது, அதிலிருந்து ஹோஸ் வரையுள்ள பைப்பில் காற்றும் இல்லை என்று இந்த ஒரு மிதியிலேயே முடிவாயிற்று. பிறகு ஒவ்வொன்றாக விட்டேன். முன் இரண்டையும் விட்டபோது பெடல் இறங்கியது மிகக் கொஞ்சம். வலது பின்னை விட்டதும் கணிசமாக இறங்கியது. இடது பின்னை விட்டதும் பழையபடி 50 மி.மீ.

எங்கே என்று தெரிந்தது. என்ன என்பதைச் சொன்னவர் எதிர் வீட்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன். ஆட்டோவில் எல்லாச் சக்கரத்திலும் டிரம்தான், அவர்களுக்கு இது அன்றாட வேலை. குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏர் இல்ல சார் இது. ஷூ டைட்டு இல்ல. ஹேண்ட்பிரேக்க முழுசா தூக்கிட்டு அமுக்கிப் பாருங்க” என்றார். தூக்கிவிட்டு மிதித்தேன். பெடல் மேலே நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள் ஷூவை டிரம் வரை தள்ளிவிடுகிறது, அப்போது பெடல் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியதில்லை. ஷூ தூரத்தில் இருந்தால் மட்டுமே இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியும். பத்து ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது இதுதான்.

டிரம்முக்குள் ஷூ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் அதைவிட அதிகம் நகர வேண்டும், ஏனென்றால் ஷூவின் அடிமுனை ஊன்றியிருக்கிறது, மேல்முனைதான் அகலத் திறக்கிறது. அதற்கான ஆயிலை மாஸ்டர் அனுப்ப வேண்டும், பெடலின் நீளத்தால் அது மறுபடி பெருகும். பெடலில் சென்டிமீட்டர் கணக்கில் தெரிவது இதனால்தான். ராட்செட்டை நான் உள்ளே தள்ளிய நிலையிலேயே டிரம் உட்கார்ந்திருந்தது. ஓட்ட ஓட்டத் தானாகவே டைட் ஆகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை, ராட்செட் சுதந்திரமாக நகர்ந்தால் ஆகும். இங்கே ஆகவில்லை. ஏன் என்று பார்க்க மறுபடி இரண்டு டிரம்மையும் இறக்கினேன்.

இடது பக்கத்தில் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கசிந்த ஆயிலும் லைனிங் தூளும் சேர்ந்து குழைந்து ராட்செட் பற்களுக்கு இடையில் கருப்பாக இறுகியிருந்தது. சிலிண்டரையும் ஷூவையும் புதிதாகப் போட்டவன் இந்தச் சின்ன உறுப்பை மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பழையபடி மாட்டியிருந்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் போட்டுத் தேய்த்து, ஊசியால் ஒவ்வொரு பள்ளத்தையும் கீறி எடுத்த பிறகு விரலால் தள்ளினாலே டிக் டிக் என்று நகர்ந்தது. வலது பக்கம் ராட்செட் சுத்தம். அங்கே தொல்லை ஹேண்ட்பிரேக் கேபிள். பழைய லைனிங் தேய்ந்திருந்தபோது யாரோ ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கி ஹேண்ட்பிரேக்கைப் பிடிக்கவைத்திருக்கிறார்கள். அதனால் ஷூவின் பின்னாலுள்ள சின்ன லீவர், காருக்குள் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கியபோதும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. லீவர் ஸ்ட்ரட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் ராட்செட்டுக்கு இடைவெளி இருப்பதே தெரியாது, அது பல் மாறாது. கேபிள் நட்டைத் தாராளமாக விட்டு, இரண்டு லீவரும் முழுக்கத் திரும்பி உட்காருவதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

டிரம்களை லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். விளிம்பு இருந்தால் ஷூவை எப்போதும் தள்ளியே வைக்க வேண்டிவரும். எங்கள் டிரம் புதிதில் 180 மி.மீ., அதிகபட்சம் 182. பட்டறைக்காரர் வெர்னியரில் பல இடங்களில் அளந்து மெலிதாக ஒரு கடைசல் போட்டார். இடது 181.3, வலது 181.1 வந்தது. “இன்னொரு வாட்டி கடைசல் போட இதுல இடம் இல்ல சார், அடுத்தது புது டிரம்தான்” என்றார். சரியான பேச்சு.

டிரம் பெரிதானால் புது ஷூவின் வளைவு அதோடு ஒத்துப்போகாது, நடுப்பகுதி மட்டும் தொடும். அப்போது ஷூ லேசாக வளைந்துகொடுக்கும், காற்றே இல்லாமல் பெடலில் துள்ளல் வரும். லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தடவி, டிரம்மை மாட்டிச் சுற்றி, பிரேக் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாக்பீஸ் அழிந்திருந்தது, இரு முனையும் வெள்ளையாகவே இருந்தன. 80 நம்பர் எமரி தாளை டிரம்மின் உள்சுவரில் ஒட்டி, ஷூவை அதில் வைத்து வளைவின் போக்கிலேயே தேய்த்தேன். கைக்கு அலுப்பான வேலை. தேய்ப்பது, சாக்பீஸ் தடவுவது, பார்ப்பது. முக்கால் பங்கு லைனிங் தொடும்வரை விடவில்லை. மீதியை ஓட்டத்தில் வண்டியே பார்த்துக்கொள்ளும். டிரம்முக்குப் பின்னாலுள்ள பிளேட்டில் ஷூ உரசும் இடங்களில் மட்டும் அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், மிளகளவு.

கடைசியாக ராட்செட்டை ஒவ்வொரு பல்லாக வெளியே தள்ளி, டிரம் லேசான உரசலோடு உள்ளே போகும் அளவுக்கு வைத்தேன். கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், காதில் ஒரு மெல்லிய உரசல் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் மறுபடி ஏர் எடுத்தோம். முன்பு வராத சில குமிழ்கள் இந்தத் தடவை வந்தன. ஷூ தூரத்தில் இருந்தபோது ஒவ்வொரு மிதியும் பிஸ்டனைத் தள்ளுவதிலேயே தீர்ந்துபோயிருக்கிறது, நிப்பிள் வழியாக வேகமாக ஓடக் கிடைத்த ஆயில் குறைவு. இதனால்தான் டிரம் வண்டியில் முதலில் டைட் வைக்க வேண்டும், பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும் என்கிறேன். பெடல் 88 மி.மீ.க்கு வந்தது. பின்னாலேயே ஹேண்ட்பிரேக் கேபிளை ஐந்தாவது கிளிக்கில் பிடிக்கும்படி முறுக்கினேன். கேபிள் எப்போதும் கடைசி.

தெருவில் நடை வேகத்தில், ஹேண்ட்பிரேக்கில் கை வைத்துக்கொண்டு முதல் ஓட்டம். பிறகு காலி ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பிடித்து நிறுத்தி, டிரம் ஆறவிட்டு, திரும்ப. லைனிங் படியப் படிய 92 ஆயிற்று. இரண்டு பின் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தால் சூடு ஒரே அளவு. நிப்பிள்களையும் பைப் நட்டுகளையும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தேன், ஈரமில்லை.

செலவு: வீல் சிலிண்டர் இரண்டும் 900 ரூபாய், ஷூ செட் 850, ஆயில் 480, கிளாம்ப் செட் 420, ஃப்ளேர் நட் ஸ்பேனர் 280, கிளீனர் 250, லேத் கூலி 400, டியூப் 40. இதில் ஸ்பேனரும் கிளாம்ப்பும் என்னிடமே இருக்கும். அடுத்த தடவை ஷூ வாங்கப் போவதற்கு முன்பே டிரம்மைக் கழற்றி அளந்துவிடுவேன். இப்போதிருக்கும் அளவைப் பார்த்தால் அந்தச் செலவில் டிரம் இரண்டும் புதிதாகச் சேரும். முன் ஹோஸ்கள் இன்னும் வெடிக்கவில்லை, ஆனால் மடக்கிப் பார்த்தால் ரப்பர் விறைப்பாக இருக்கிறது. ஆயில் மாற்றும்போது அந்த இரண்டையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.